செங்காந்தளை விதையிலிருந்து வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து எங்கள் வேலியில் காந்தள் பூத்துவிட்டால் தெருவில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். முதலில் "இது என்ன செடி?" என்பார்கள். அடுத்த நொடியே "ஒரு துண்டு ஒடித்துக் கொடுங்களேன், வைத்துப் பார்க்கிறேன்" என்பார்கள். ஒடித்து வைத்தால் இது வராது. விதை தருகிறேன் என்று சொல்லி ஒரு பொட்டலம் மடித்துக் கொடுப்பேன். பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு அவர்கள் வந்து கேட்கும் கேள்விகள்தான் கீழே இருப்பவை.

மலைப்பூ என்கிறார்கள். எங்கள் ஊரில் மலையே இல்லை, ஆனால் கள்ளி வேலியில் இது படர்ந்திருக்கிறதே?

இரண்டும் சரி. சங்கப் பாடல்களில் காந்தள் குறிஞ்சி நிலத்துப் பூ. மலைச்சாரலில் பெண்கள் பறித்துக் குவிக்கும் பூக்களை வரிசையாகச் சொல்லும் நீண்ட பட்டியல் ஒன்று செங்காந்தளில்தான் தொடங்குகிறது. ஆனால் செடிக்குத் திணை இலக்கணம் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் புதர்க்காட்டிலும் இருக்கும், கடலோர மணலிலும் இருக்கும். அதற்கு வேண்டியது மூன்றுதான்: தண்ணீர் தேங்காத மண், பற்றிக்கொள்ள ஒரு புதர், வருடத்தில் சில மாதம் மண் நன்றாகக் காய்வது. மலைச்சரிவில் இந்த மூன்றும் இயல்பாகவே அமைந்துவிடுகின்றன. தொட்டியில் நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு எல்லாம் இதே செடிதான். தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுதான், ஏனென்றால் ஆப்பிரிக்காவும் இதன் தாயகம்.

கிழங்கு நட்டால் அந்த வருடமே பூக்கும் என்கிறார்கள். விதை போட்டு 3, 4 வருடம் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

பூ மட்டும்தான் வேண்டும் என்றால் காத்திருக்க வேண்டாம். பயிர் செய்யும் விவசாயியிடம் நல்ல கிழங்காக ஒன்று வாங்கி ஆனி, ஆடியில் நடுங்கள். மழைக்காலம் முடிவதற்குள் பூத்துவிடும். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

ஆனால் சந்தையில் "காட்டுக் கிழங்கு" என்று மலிவாக வருவதை வாங்காதீர்கள். காட்டில் ஒரு கிழங்கைத் தோண்டினால் அங்கே ஒரு செடி இல்லாமல் போகிறது. பல இடங்களில் காந்தள் அருகிப்போனதற்கு இந்தத் தோண்டல் ஒரு முக்கியக் காரணம். ஒரு கிழங்கு வருடத்துக்கு இரண்டு கிழங்காகத்தான் பெருகும். ஒரே ஒரு காயிலோ பத்துக்கணக்கில் விதை இருக்கிறது. வேலி முழுக்கக் காந்தள் வேண்டும், காட்டிலிருந்தும் எடுக்கக் கூடாது என்றால் விதைதான் வழி.

இன்னொன்று. கிழங்கிலிருந்து வருவது தாய்ச்செடியின் நகல். விதையிலிருந்து வருவதில் ஒவ்வொன்றும் ஒரு விதம். என்னிடம் ஒரே காயின் விதையில் வந்த செடிகளில் ஒன்றின் இதழ் அகலமாக, ஓரச் சுருக்கம் குறைவாக இருக்கும். பக்கத்துச் செடியின் இதழ் நரம்புபோல ஒடுங்கிச் சுருண்டிருக்கும்.

விஷம் என்கிறார்களே? வீட்டில் குழந்தை இருக்கிறது.

விஷம்தான். இதில் மழுப்ப எதுவும் இல்லை. வேர் முதல் விதை வரை செடி முழுவதிலும் கோல்சிசின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம், விதையில் கிழங்கைவிடவும் அதிகம். சர்க்கரைவள்ளி என்றோ வேறு வள்ளிக்கிழங்கு என்றோ நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகத் தாக்கும். பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொட்டும். முறிப்பதற்கென்று தனி மருந்து கிடையாது. யாராவது வாயில் போட்டுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, என்ன செடி என்பதையும் சொல்லுங்கள். ஒரு துண்டை உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

கையில் படுவதால் உயிர் போகாது. ஆனாலும் விதையைத் தேய்க்கும்போதும் கிழங்கை வெட்டும்போதும் நான் கையுறை போடுகிறேன், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். காய்ந்த விதை பார்க்கப் பழுப்பேறிய மிளகு மாதிரியே இருக்கும். அதனால் அது சமையலறைப் பக்கமே போகக் கூடாது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது, இதற்கு மட்டும் வேண்டாம். காகித உறையில் போட்டு, பெயரையும் "விஷம்" என்பதையும் எழுதிப் பூட்டி வையுங்கள்.

கண்வலிக்கிழங்கு என்ற பெயரை நம்பிக் கண்ணில் பிழியும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். சித்த மருத்துவர்கள் இதைச் சுத்தி செய்துதான் பயன்படுத்துகிறார்கள், அது படித்தவர்கள் செய்யும் வேலை.

தவழும் குழந்தையோ, மண்ணைத் தோண்டும் நாயோ இருக்கும் வீட்டில் தரையில் நடாதீர்கள். மாடியில் எட்டாத இடத்தில் தொட்டி வைக்க முடிந்தால் வையுங்கள், முடியாவிட்டால் குழந்தை வளரட்டும்.

விதைக்கு எங்கே போவது?

திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களில் ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் இதை விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். கோல்சிசின் எடுப்பதற்காக விதை வெளிநாட்டுக்குப் போகிறது. மூட்டுவாத வகைகளில் ஒன்றான கவுட்டுக்கு அது மருந்து. பயிர் இனப்பெருக்க ஆராய்ச்சிக்கும் வேண்டும்: செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைக் கோல்சிசின் இரட்டிப்பாக்கும் என்பது 1937-இலேயே தெரிந்துவிட்டது. கிலோ ஆயிரங்களில் விற்கும் சரக்கு என்றாலும் நமக்கு வேண்டியது ஒரு கைப்பிடிகூட இல்லை. அறுவடைச் சமயத்தில் நேரில் போய்க் கேட்டால் இரண்டு காய் கொடுத்துவிடுவார்கள்.

வேலியோரத்தில் தானாக வளர்ந்திருந்தால் நிலத்துக்காரரிடம் கேட்டு ஒரு காய் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் விதையைக்கூட எடுக்கக் கூடாது.

நர்சரிகளில் "குளோரியோசா லில்லி" என்று பெரிய பூவோடு வருவது பெரும்பாலும் ரோத்ஸ்சைல்டியானா என்ற ஆப்பிரிக்க வகை. அழகுதான். நம் வேலிச் செடிதான் வேண்டும் என்பவர்கள் கேட்டு வாங்குங்கள்.

காயை எப்போது பறிப்பது?

வெளிர்பச்சையாக இருக்கும் காய் கரும்பச்சையாகித் தோல் சுருங்கத் தொடங்கும். அப்போது பறித்து நிழலில் பரப்பினால் சில நாளில் மூன்றாகப் பிளந்துகொள்ளும். உள்ளே செம்மணிகளைக் கோத்து வைத்தது போல விதை. பெரும்பாலும் மார்கழி, தையில் இது நடக்கும். செடியிலேயே வெடிக்க விட்டால் விதை கீழே சிதறும். பச்சைக்காயைப் பறித்தால் விதை சுருங்கிப் பதராகிவிடும்.

கையில் விதை இருக்கிறது. இன்றைக்கே போடலாமா?

போடலாம், ஆனால் முளைக்காது. புது விதைக்கு உறக்கம் உண்டு. 6 முதல் 9 மாதம் வரை அது விழிக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தையில் விதைத்து, மாசி முழுக்கத் தண்ணீர் ஊற்றி, பங்குனியில் "விதை மோசம்" என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

காட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தையில் விழும் விதை மாசி, பங்குனி, சித்திரை வெயிலைச் சருகுக்கு அடியில் கழிக்கிறது. முதல் மழை பெய்து மண் குளிர்ந்த பிறகுதான் அதற்கு வேலை. நாமும் அதையே செய்தால் போதும். நிழலில் நன்றாக உலர்த்தி, காகித உறையில் போட்டு, வெயில் படாத உலர்ந்த இடத்தில் ஆனி மாதம் வரை வைத்திருங்கள். வெயிலின் கடுமை குறைந்து முதல் மழை விழுந்ததும் விதையுங்கள்.

விதைப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

விதையின் மேல் சிவப்பாக ஒரு சதைத்தோல் இருக்கும். காய்ந்தபின் அது விதையோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் ஆற்று மணலோடு சேர்த்து, கையுறை போட்ட கையால் தண்ணீரில் தேயுங்கள். தோல் உரிந்து வரும். அதை நீக்காவிட்டால் மண்ணில் பூஞ்சணம் பிடிக்க அதுவே இடம் கொடுக்கும். உள்ளே இருக்கும் விதை கல் மாதிரி கெட்டியாக இருக்கும். மெல்லிய உப்புத்தாளில் இரண்டு முறை உரசி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊற வையுங்கள். கொதிநீர் வேண்டாம்.

ஊறிய தண்ணீரில் கோல்சிசின் கரைந்திருக்கும். கோழி, நாய், ஆடு குடிக்கிற இடத்தில் ஊற்றாமல் ஒரு குழி வெட்டி ஊற்றி மூடுங்கள். ஊற வைத்த பாத்திரம் அந்த வேலைக்கே இருக்கட்டும். நான் தயிர் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவில் ஊற வைத்துவிட்டு அதை எறிந்துவிடுவேன்.

எந்தத் தொட்டி, எந்த மண்?

குழித்தட்டு வேண்டாம். அதில் முளைக்கும், ஆனால் நாற்றைச் சில வாரத்திலேயே மாற்ற வேண்டியிருக்கும். முதல் வருடம் அசைக்கப்படுவதைக் காந்தள் விரும்பாது. 8 முதல் 10 அங்குல ஆழமுள்ள தொட்டியோ குரோ பேக்கோ எடுத்து, ஒன்றில் ஏழெட்டு விதை வீதம் இரண்டு விரல் இடைவெளி விட்டுப் போடுங்கள். இரண்டு வருடம் அவை அங்கேயே கிடக்கலாம்.

மண் விஷயத்தில் நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. மாடித்தோட்டக்காரர்கள் எல்லாவற்றுக்கும் தென்னைநார்க் கழிவை அள்ளிப் போடுகிறார்கள். கீரைக்கு அது சரி. மழைக்காலத்தில் பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் மண்ணில் பட்டாணி அளவுக் கிழங்கு அழுகிவிடும். இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம். அவ்வளவுதான். ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் கலந்தால் நல்லது. களிமண் கூடவே கூடாது.

விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மணலால் மூடுங்கள். பூவாளியில் தண்ணீர். நேர்வெயில் படாமல் நிழல்வலைக்கு அடியிலோ மரநிழலிலோ வையுங்கள்.

எத்தனை நாளில் முளைக்கும்?

மூன்று நான்கு வாரத்தில் முதல் முளை எட்டிப் பார்க்கலாம். மற்றவை ஒன்றாக வராது. ஒன்று ஆடியில், ஒன்று ஆவணியில், ஒன்று புரட்டாசி மழைக்குப் பிறகு என்று அதனதன் இஷ்டத்துக்கு வரும். அடுத்த ஆனியில் முளைத்த விதையும் என்னிடம் உண்டு. ஒரே மழையை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால், அந்த மழை பொய்க்கும்போது பூண்டோடு போய்விடும் அல்லவா? காட்டுச் செடி அப்படிச் சூதாடாது. பாதி முளைத்தால் நல்ல வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைக் கிளறி "முளைக்கிறதா" என்று மட்டும் பார்க்காதீர்கள்.

முளைத்தது வெறும் புல் மாதிரி இருக்கிறது. காந்தள்தானா?

பெரும்பாலும் காந்தள்தான். முதல் இலைகளின் நுனியில் பற்றுக்கம்பி இருக்காது. ஒல்லியாக, நரம்புகள் இணையாக ஓட, புல்லுக்கும் இஞ்சி நாற்றுக்கும் நடுவில் ஒரு தோற்றம். களை என்று பிடுங்கப்படுவது இந்தக் கட்டத்தில்தான். விதைத்த இடத்தில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சி குத்தி வையுங்கள். குச்சிக்குப் பக்கத்தில் வருவது காந்தள், மற்றது புல். வீட்டில் களை பறிக்கும் ஆர்வமுள்ள பெரியவர்கள் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நன்றாகத்தான் இருந்தது. மார்கழியில் மஞ்சளாகி, தையில் காய்ந்தே போய்விட்டது. என்ன தவறு செய்தேன்?

எதுவும் செய்யவில்லை. என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றால்கூடத் தகும்.

காந்தள் பல்லாண்டுச் செடி. ஆனால் பல்லாண்டு வாழ்வது மண்ணுக்குக் கீழேதான். மேலே இருப்பது ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்து, சம்பாதித்து, கீழே அனுப்பிவிட்டுக் காய்ந்துவிடும். முதல் வருடம் நாற்று இரண்டு மூன்று இலைதான் விடும். அதைக் கொண்டு அது செய்யும் ஒரே வேலை, ஒரு சின்னக் கிழங்கு கட்டுவது. பட்டாணி அளவோ மொச்சை அளவோ இருக்கும். அது முடிந்ததும் இலைக்கு வேலை இல்லை.

நான் முதன்முதலில் விதை போட்ட வருடம் தையில் இலை காய்ந்ததும் செத்துவிட்டது என்று தொட்டி மண்ணை மல்லிகைப் பாத்தியில் கொட்டினேன். தொட்டியைக் கழுவி அதில் தக்காளி வைத்தேன். அடுத்த ஆடியில் மல்லிகைச் செடிக்கு நடுவே நுனி சுருண்ட இலையோடு நான்கு கொடிகள் எழுந்து வந்தன. எனக்கு வெட்கமாகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பாத்தியில் மல்லிகையைவிடக் காந்தள்தான் அதிகம்.

ஆகவே இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைக் குறையுங்கள். முழுதாகக் காய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். "பாவம், வாடுகிறதே" என்று ஊற்றும் தண்ணீர்தான் கிழங்கைக் கொல்லும். காய்ந்த தண்டைப் பிடுங்காமல் கத்தரித்து, தொட்டியில் பெயர் எழுதிய அட்டை ஒன்றைச் செருகி, மழைத்தண்ணீர் விழாத ஓரத்தில் வையுங்கள். தொட்டி காலியாக இருப்பது போலத்தான் இருக்கும். அதில் வேறு எதையும் விதைக்க வேண்டாம்.

இரண்டாம் வருடம் என்ன எதிர்பார்க்கலாம்?

ஆனி, ஆடியில் ஒரு முளை. ஒரு முழமோ அதற்குக் கொஞ்சம் மேலோ ஏறும். இலை நுனி கம்பியாகச் சுருண்டு எதையாவது தேடும். அந்தத் தேடலைப் பார்ப்பதே தனி மகிழ்ச்சி. குச்சி கொடுங்கள். பூக்காது. முளை வந்தபின் மாதம் ஒருமுறை மண்புழு உரம் ஒரு கைப்பிடி போதும். யூரியா போட்டால் கொடி கொழுக்கும், கிழங்கு பெருக்காது.

மூன்றாம் வருடம் ஆள் உயரக் கொடியும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றிரண்டு பூவும். நான்காம் வருடம் பெரும்பாலும் பூத்துவிடும்.

எப்போது தரைக்கோ பெரிய தொட்டிக்கோ மாற்றுவது?

இரண்டு வருடம் முடிந்து, செடி உறங்கும்போது. மாசி முதல் வைகாசிக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தொட்டியைச் சாய்த்து மண்ணோடு கொட்டி, கையால் பொறுக்குங்கள். களைக்கொத்தியைத் தொடவே வேண்டாம். காந்தள் கிழங்கில் உருளைக்கிழங்கு போல உடம்பெல்லாம் கண் கிடையாது. நுனியில் ஒரே ஒரு முளைக்கண்தான். அந்த நுனி ஒடிந்தால் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் பயனில்லை. இரண்டு வருட உழைப்பு ஒரு சொடுக்கில் போகும்.

கிழங்கைப் படுக்க வைத்து, மேலே நாலு விரல் மண் மூடுமாறு புதையுங்கள். மழைநீர் நிற்காத மேட்டுப்பாங்கான இடம் வேண்டும். அடிப்பகுதியில் புதர் நிழலும் மேற்பகுதியில் வெயிலும் இருந்தால் காட்டில் இருப்பது போலவே இருக்கும்.

பந்தல் போட வேண்டுமா?

பந்தல் வேண்டாம், புதர் போதும். காந்தள் அவரைபோலத் தண்டால் சுற்றி ஏறாது, இலை நுனியால் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறும். அதனால் வழவழப்பான பிளாஸ்டிக் குழாயோ தடித்த மூங்கிலோ அதற்கு உதவாது. சுள்ளி, கம்பிவலை, குறுக்கே கட்டிய சணல் கயிறு எல்லாம் பிடிக்கும். வயல்களில் கிளுவை, விராலிக் குச்சிகளை நட்டும் கம்பி கட்டியும் படர விடுகிறார்கள். என் வேலியில் மருதாணிதான் கொழுகொம்பு. தண்டு சட்டென்று ஒடியும், கொடியைப் பிடித்துத் திருப்பிக் கட்டாதீர்கள். நுனி ஒடிந்தால் பெரும்பாலும் அந்த வருடப் பூ போச்சு.

இலையை எல்லாம் ஒரு புழு தின்றுவிட்டது.

கருப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் இருந்தால் அது காந்தளையும் லில்லி இனச் செடிகளையும் தின்னும் புழு, பொலிட்டெலா குளோரியோசே. நம்மைக் கொல்லும் விஷம் அதற்கு அன்றாடச் சாப்பாடு. இரண்டே நாளில் ஒரு கொடியை மொட்டையாக்கிவிடும். ஒன்றிரண்டு செடி வைத்திருப்பவர்கள் காலையில் ஒரு சுற்றுப் போய்க் கையுறையோடு பொறுக்கினாலே போதும். அதிகமானால் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள். முதல், இரண்டாம் வருட நாற்றுகளைத் தினமும் பாருங்கள். இருப்பதே மூன்று இலை, அதுவும் போனால் அந்த வருடக் கிழங்கு கட்டாது.

இலையில் பழுப்புப் புள்ளி பரவினால் நெருக்கத்தைக் குறைத்துக் காற்று விடுங்கள், தண்ணீரை இலையில் படாமல் ஊற்றுங்கள். அடித்தண்டு அழுகினால் பெரும்பாலும் வடிகால்தான் காரணம்.

பூத்தது, காய்க்கவில்லை. ஏன்?

பூவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பச்சையாக விரிந்து, அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகி, கடைசியில் முழுச்சிவப்பாகும். இதழ்கள் ஆறும் மேல்நோக்கி மடிந்து தீ எரிவது போல நிற்கும். கீழே ஆறு மகரந்தத் தண்டுகள் சக்கரத்தின் ஆரம் போல விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் சூலகத்தை விட்டுச் செங்கோணத்தில் வளைந்து ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். யாரோ தவறி வளைத்துவிட்டது போல இருக்கும், ஆனால் காரணம் உண்டு. சொந்த மகரந்தம் அதில் எளிதில் விழாது. பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு வந்தால்தான் காய்.

மாடியில் ஒற்றைச் செடி என்றால் நீங்கள்தான் பட்டாம்பூச்சி. காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள், புதிதாக விரிந்த பூவின் சூல்முடியில் வேறு பூவின் மகரந்தத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டு வையுங்கள். விதைக்காகப் பயிர் செய்யும் விவசாயிகளும் ஆள் வைத்து இதைத்தான் செய்கிறார்கள். பூக்கும் பருவத்தில் விடிந்ததும் வயலில் இறங்கிப் பூப்பூவாகத் தொட்டுக்கொண்டு போவது இந்தப் பயிரின் பெரிய கூலிச் செலவு.

கிழங்கு கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வெட்டலாமா?

அதனால்தான் அதற்குக் கலப்பைக் கிழங்கு என்று பெயர். போன வருடக் கிழங்கு வெறும் தோலாக வற்றிப்போய், அதன் இடத்தில் இரண்டு புதுக்கைகள் வந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளைக்கண். பிரியும் இடத்தில் சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவி, இரண்டு நாள் நிழலில் ஆற விட்டு நட்டால் இரண்டு செடி. அளவில் சின்னதாக இருக்கும் கை ஒரு வருடம் பூக்காமல் இருக்கலாம்.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். அங்கே வளருமா?

பனி உறையும் ஊரில் தரையில் விடக் கூடாது. தொட்டியில் வைத்து, குளிர் தொடங்கி இலை காய்ந்ததும் வீட்டுக்குள் எடுத்து, உலர்ந்த மணலில் கிழங்கைப் புதைத்து 15 டிகிரிக்குக் குறையாத இடத்தில் வையுங்கள். வசந்தத்தில் கதகதப்பான ஜன்னலோரத்தில் எழுப்புங்கள். விதை கொண்டுபோவதற்கு முன் அந்த நாட்டின் தாவரத் தடைச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. அங்கே கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் காந்தள் தப்பிப் பரவி, உள்ளூர்ச் செடிகளை நெருக்கும் களையாகிவிட்டது. ஊர் ஞாபகமாக வளர்க்க ஆசை இருக்கும், தெரியும். அங்கே வேண்டாம்.

இதே முறையில் நீலக்குறிஞ்சியையும் வளர்க்கலாமா?

காந்தள் பூத்துப் பூத்து வாழ்வது. நீலக்குறிஞ்சி 12 வருடம் வளர்ந்து, ஒரே ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்துவிட்டுச் சாவது. சமவெளி வெயிலில் அது நிற்காது, உயர்ந்த மலையின் புல்வெளிதான் அதன் வீடு. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட செடிகள் அட்டவணையிலும் இருக்கிறது. மூணாறில் 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வாருங்கள்.

நான்கு வருடம் முடிந்துவிட்டது. கொடி வருகிறது, பூ வரவில்லை.

மூன்று இடத்தில் பாருங்கள். முதலில் வெயில்: நாற்றுக்கு நிழல் வேண்டும், பூக்கும் வயதுச் செடிக்கு அரைநாளாவது நேர்வெயில் வேண்டும். நாற்றுக்காக வைத்த நிழலிலேயே தொட்டியை மறந்துவிடுவது சகஜம். அடுத்து இடம்: ஏழெட்டுக் கிழங்கும் இன்னும் அதே தொட்டியில் நெருக்கிக்கொண்டிருந்தால் எதுவும் பெருக்காது, பிரித்து நடுங்கள். மூன்றாவது, போன உறக்கத்தை நினைத்துப் பாருங்கள். கார்த்திகையில் பச்சையாக இருந்த கொடியை "அசிங்கமாக இருக்கிறது" என்று அறுத்திருந்தாலோ, புழு மொட்டையடித்திருந்தாலோ, கிழங்கு ஒரு வருடம் பின்னால் போயிருக்கும்.

மாசியில் ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். சுண்டுவிரலை விட மெல்லியதாக இருந்தால் இந்த வருடமும் பூக்காது, மண்ணில் திரும்ப வைத்துவிடுங்கள். கட்டைவிரல் பருமன் இருந்தால் ஆடிக்குள் வேலியில் கயிறு கட்டி வையுங்கள்.